ஆறிய குழாய்

விஸ்கான்சின் வேட்டைக் குடிலில், மானைத் தவறவிட்டவரின் சட்டை நுனியை வெட்டிச் சுவரில் அறைவார்கள். பால் வண்டி ஓட்டும் லொரெட்டாவின் அரைத் தானியங்கித் துப்பாக்கி குறி பிசகும் என்று எல்ராய் கேலி செய்தான். உடனே பந்தயம்: நூறு கஜத்தில் யாருடைய மூன்று துளைகள் அதிகம் சிதறுகின்றனவோ, அவர் சட்டைக்குக் கத்தரி.

எல்ராய் தன் துப்பாக்கியில் மூன்று குண்டையும் படபடவென்று சுட்டான். துப்பாக்கிக் குழாய் சூடேறியது, துளைகள் குறித்தாளெங்கும் சிதறின.

லொரெட்டா காலைக்கு ஒரு குண்டாக மூன்று நாள் சுட்டாள்.

“என்ன லொரெட்டா, குண்டுக்குப் பஞ்சமா?”

“குழாய் சூடாகுற வரைக்கும் மான் நிக்குமாடா? ஆறின குழாய்ல முதல் குண்டு எங்க போகுதுன்னுதான் பாக்கணும்.”

அவளுடைய மூன்று துளைகளையும் ஒரே கோட்டுப் பொத்தான் மறைத்தது.

“இது புதுச் சட்டை, லொரெட்டா!” என்று கெஞ்சினான் எல்ராய்.

“கத்தரியும் புதுசுதான். திரும்பு!”