செல்வி அக்கா தைத்த வெயிஸ்ட்கோட்

செல்வி அக்கா போய்விட்டார். சற்று முன்புதான் எங்கள் பழைய ஏரியா மர்பி டவுனிலிருந்து அவர் மகன் போன் செய்தான். தூக்கத்திலேயே...

ஃபிரெண்ட் லிஸ்டில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த லேடீஸ் டெய்லர். அந்தத் தெருவில் அவர் தைத்த ப்ளவுஸ் இல்லாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை.

தொண்ணூற்றெட்டில் பாங்காக் ஆசிய விளையாட்டில் முதல்முறையாக ஸ்னூக்கரைச் சேர்த்தார்கள். டீமில் ஒரு இடத்துக்கு நானும் போட்டியில் இருந்தேன்.

ஸ்னூக்கர் மேட்ச் என்றால் வெயிஸ்ட்கோட், அதாவது கையில்லாத கோட், கட்டாயம். டி-ஷர்ட்டில் ஆடிப் பழகியவன் நான். ரெடிமேடாக ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு முதல் டிரயலுக்குப் போனேன். அடிக்க மேசைமேல் குனிந்தபோது முன்பக்கம் தொங்கி ஒரு பந்தில் பட்டுவிட்டது. துணி பட்டாலும் ஃபவுல்தான். அப்புறம் பந்தைப் பார்ப்பதா, துணியைப் பார்ப்பதா... மேட்ச் போயிற்று.

இரண்டாவது டிரயலுக்கு நாலே நாள். அதிலும் தோற்றால் பாங்காக் இல்லை. தீபாவளி நேரம், கோட் தைக்கிற டெய்லர்கள் எல்லாரும் பத்து நாள் கேட்டார்கள். அம்மாதான் என்னைச் செல்வி அக்காவிடம் இழுத்துக்கொண்டு போனார். எனக்கு வெட்கமாக இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

இதைப் போட்டுக்கொண்டு என்ன வேலை செய்யவேண்டும் என்று கேட்டார் அக்கா. குனியணும், கை ஃப்ரீயா ஆடணும், எதுவும் தொங்கக்கூடாது என்றேன்.

"இவ்ளோதானே பா. பொம்பளைங்க ப்ளவுஸ் போட்டுக்கினு துணி துவைக்கிறாங்க, தண்ணி தூக்குறாங்க, பஸ்ல கம்பி புடிச்சிக்கினு நிக்கிறாங்க. எங்கனா புடிச்சா என்னை சும்மா உடுவாங்களா?"

நிற்க வைத்து அளவெடுக்கவில்லை. கட்டிங் டேபிளைக் காலி செய்து, கையில் கியூ கோலுக்குப் பதில் ஒரு கர்ட்டன் ராடைக் கொடுத்து, மேட்சில் குனிவது போலவே குனியச் சொன்னார். அரை மணி நேரம் அப்படியே. ப்ளவுஸ் வாங்க வந்த பெண்கள் வாசலில் நின்று சிரிக்க, அக்கா இன்ச் டேப்போடு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூச்சு விடலாம் என்று நடுவில் ஒரு தடவை பர்மிஷன் கொடுத்தார்.

முன்பக்கம் இருந்த பட்டன்கள் சும்மா ஷோவுக்கு. உள்ளே வரிசையாக ப்ளவுஸ் கொக்கி. எவ்வளவு குனிந்தாலும் துணி வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. கொக்கி போட்டுக்கொண்டு டிரயல் ஆடிய ஒரே ஆண்மகன் நானாகத்தான் இருப்பேன்.

ஜெயித்தேன். பாங்காக் போனேன்.

அங்கே முதல் மேட்ச் ஜெயித்து, இரண்டாவதில் தோற்றேன். திரும்பி வந்து ஒரு வாரம் அக்கா வீட்டைத் தாண்டாமல் பின் தெரு வழியாகவே போய் வந்தேன். பார்த்துப் பார்த்து, கடைசியில் அக்காவே வீட்டுக்கு வந்துவிட்டார். ஸ்கோர் கேட்கவில்லை.

"எங்கனா புடிச்சுதா?"

இல்லை என்றேன்.

"அப்போ தோத்தது உன் தப்புதான். என் தப்பு இல்ல."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். தோற்ற பிறகு நானும் முதல்முறையாகச் சிரித்தேன்.

அப்புறம் வெயிஸ்ட்கோட்டை உள்பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு பக்கமும் தையலுக்குள் ஒரு இன்ச் துணி மடித்து விட்டிருந்தார்.

"அடுத்தது நாலு வருஷம் கழிச்சாமே? அதுக்குள்ள நீ ஸ்வல்பம் குண்டாயிடுவ. பிரிச்சி உட்டுக்கலாம்."

எல்லா டெய்லரும் துணி விடுவார்கள்தான். ஆனால் அக்கா அதை வெட்டியது, நான் முதல் டிரயலில் தோற்றுவிட்டு வந்து நின்ற அன்று. பாங்காக்கே நிச்சயமில்லாத அன்று... எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாலு வருஷம் கழித்து பூசான் போனேன். அக்கா கையாலேயே அரை இன்ச் பிரித்துவிட்டார். அந்த முறை நன்றாகவே ஆடினேன்.

பிறகு வைட்ஃபீல்டில் வேலை, டிராஃபிக், குழந்தைகள். கியூவைத் தொட்டே பல வருஷம் ஆகிவிட்டது. போன வாரம்தான் ஸ்டேட் மீட்டுக்குப் பெயர் கொடுத்தேன். மிச்சமிருக்கும் அரை இன்ச்சைப் பிரிக்க, வருகிற ஞாயிறு அக்காவிடம் போவதாக இருந்தேன்.

பெயரை வாபஸ் வாங்கப் போவதில்லை. வேறு டெய்லரிடம்தான் கொடுக்கவேண்டும்...

கோவிச்சுக்காதீங்க அக்கா.