இருபத்தெட்டாம் நம்பர் நீச்சல் உடை

என்னுடைய அளவு என்ன என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. அப்பாவின் கணக்கில் நான் எப்போதும் அடுத்த வருஷத்துப் பெண். செருப்பு வாங்கினால் நுனியில் பஞ்சு அடைத்துத்தான் போட வேண்டும். பள்ளிச் சீருடை முதல் வருஷம் கணுக்காலில் தொங்கும்; அது முழங்காலுக்கு வந்து சேரும்போது சாயம் போயிருக்கும். இத்தனைக்கும் அவர் ஆவடியில் தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்தவர். ஒரு தலைமுடிப் பருமன் கூடியிருந்தால்கூட இரும்புத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுவாராம். அந்தக் கறாரெல்லாம் தொழிற்சாலை கேட்டோடு நின்றுவிடும். வீட்டுக்கு வந்தால், "வளர்ற புள்ள" என்ற ஒரே அளவுகோல்தான்.

நாங்கள் குடியிருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் கிளப்பில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. ஒன்பது வயதில் அதில் இறங்கியவள், பிறகு வெளியே வர மனசில்லாமல் ஆகிவிட்டேன். அம்மா தன் பழைய சாட்டின் பாவாடையை வெட்டி எனக்கு ஒரு நீச்சல் உடை தைத்துக் கொடுத்திருந்தாள். கைக்குப் பஃப், இடுப்பைச் சுற்றிக் கொசுவம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டுக்கொண்டு போனாலும் சாமியார் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அதோடு தண்ணீரில் குதித்தால் உள்ளே காற்று புகுந்து முதுகில் ஒரு பூசணிக்காய் எழும்பும்.

ஏழாம் வகுப்பு படிக்கும்போது, நகரத்தில் நடக்கவிருந்த பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு என் பெயரைக் கோச் எழுதிக்கொண்டார். ஐம்பது மீட்டர் பந்தயம். மூன்று வாரம் இருந்தது. அன்றைக்கே என்னைக் கரைக்குக் கூப்பிட்டு உடையை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா பாப்பா, பாதி கொளத்த உள்ள ரொப்பிகினு வர்ற? உங்கப்பா கைல சொல்லி ரேஸ் காஸ்ட்யூம் ஒண்ணு வாங்கு. ஒடம்போட ஒட்டிகினு இருக்கணும். இல்லாங்காட்டி போட்டிக்கே வராத."

நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது 'ஒட்டிக்கொண்டு' என்ற சொல்லை அப்பா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்க வேண்டும் என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கி, பெரியமேட்டில் இருந்த ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். கால்பந்துகளுக்கும் கேரம் போர்டுகளுக்கும் நடுவே நின்ற விற்பனைக்காரர் என்னை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"இன்னா வயசு?"

"பன்னெண்டு."

"அப்ப முப்பது."

"முப்பத்துநாலு குடுங்க. வளர்ற புள்ள" என்றார் அப்பா.

விற்பனைக்காரர் அதை என் முதுகில் வைத்துப் பார்த்தார். முழங்கால் பக்கத்தில் முடிந்தது. அப்பா முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்கு அழுகை வந்தது. "அப்பா, டைட்டா இருக்கணும்னு கோச் சொன்னாருப்பா" என்று இரண்டு முறை சொன்னேன். "தண்ணில நனைஞ்சா சுருங்கிரும்" என்றார். நைலான் சுருங்காது என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை மாலை அதைப் போட்டுக்கொண்டு மேடையிலிருந்து குதித்தேன். நான் முன்னால் போனேன், உடை பின்னால் தங்கிவிட்டது. தோள்பட்டி இரண்டும் முழங்கைக்கு வந்து கையைக் கட்டிப்போட்டது போல் ஆயிற்று. கழுத்துவரை தண்ணீருக்குள் நின்றுகொண்டு, ஒரு கையால் உடையைப் பிடித்தபடி ஓரமாக நகர்ந்து வந்தேன். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். கோச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "இதுக்கா இவ்ளோ அழுகை?" என்று இரண்டு பக்கமும் பிடித்துத் தையல் மிஷினில் ஓட்டினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் உடம்பில் ஏற்றும்போதே சாதாரண நூல் இழுவை தாங்காமல் பட்பட்டென்று விட்டது. குவார்ட்டர்ஸ் கடைவீதித் தையற்காரரிடம் எடுத்துப் போனோம். அவர் அதை இரண்டு விரலால் இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துப் பார்த்தார். "இது துணியே இல்லம்மா, ரப்பரு. நம்ம மிஷினு கடிச்சித் துப்பிடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இதற்குள் ஒரு வாரம் போய்விட்டது. என்னைச் சுற்றி இத்தனை பெரியவர்கள் இருந்தும், என் உடம்பைச் சுற்றி ஒரு டேப்பைப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது கோவில்பதாகையில் குடியிருந்த அத்தைக்குத்தான். அப்பாவின் தங்கை. படைவீரர்களுக்கு உடை தைக்கும் தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருந்தாள். ஷிப்ட் முடிந்து வந்தவள் என்னை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, மார்பு, இடுப்பு என்று அளந்தாள். பிறகு டேப்பை ஒரு தோளிலிருந்து இறக்கி, காலிடுக்கு வழியாக முதுகுப்பக்கம் ஏற்றி, அதே தோளுக்குக் கொண்டுவந்தாள்.

"மதினி, இவளுக்கு ஒடம்பு நீளம், அகலம் கம்மி. வயசக் கேட்டு வாங்கினா எப்பிடிச் சேரும்?" என்று கதவுக்கு வெளியே நின்ற அம்மாவிடம் கத்தினாள்.

அடுத்த நாளே அத்தையும் நானும் அதே கடையில் நின்றோம். விற்பனைக்காரர் முப்பத்துநாலை உதறிப் பார்த்தார்.

"தண்ணில போட்டு, தையலும் போட்டு எடுத்துகினு வந்து மாத்திக் குடுன்னா எப்டிக்கா?"

"மாத்த வேணாம். புதுசு எடுக்கிறோம். போட்டுப் பாக்க எடம் காட்டுங்க."

"பந்து வாங்க வர்றவங்களுக்கு ட்ரையல் ரூம் இன்னாத்துக்குக்கா? அதெல்லாம் இங்க கெடியாது."

அத்தை அவரைத் தாண்டிப் பின்னால் போய், கிரிக்கெட் மட்டைகள் அடுக்கியிருந்த சாமான் அறையைத் திறந்து, அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரை வெளியே அனுப்பினாள். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "ம், போடு" என்றாள்.

முதலில் இருபத்தாறு. இடுப்புக்குச் சரியாக வந்தது, தோளில் அரிவாள் போல் இறங்கியது. "இது குட்டை. கழட்டு" என்றாள். பிறகு இருபத்தெட்டு. தொடைவரை ஏற்றுவதற்குள் வியர்த்துவிட்டது. அத்தை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டிச் சுருட்டி மேலே இழுத்தாள், நான் மட்டைகளைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். நாலைந்து மட்டைகள் சரிந்து விழுந்தன. "இன்னாக்கா, கடை இருக்குமா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"மூச்சு விட முடியலத்தே."

"மூச்சு விட்டுக்கிட்டுத்தானே பேசற? குனி. கையச் சுத்து. இன்னும் வேகமா."

தோள்பட்டிக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு விரல்தான் போயிற்று. முதுகில் எங்கேயாவது சுருக்கம் இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவினாள். பிறகு ஒரு அடி பின்வாங்கி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இப்பத்தான் இது உன்னோடது" என்றாள்.

வீட்டில் அப்பா அதை இரண்டு விரலில் தூக்கிப் பார்த்தார். உடலில் இல்லாதபோது அது ஒரு கைக்குட்டை அளவுதான் இருந்தது.

"இதப் போட்டுக்கிட்டு நாலு பேரு முன்னாடி நிக்கணுமா? பன்னெண்டு வயசுப் பொண்ணு."

"நிக்கிறதுக்கு இல்லண்ணே, நீந்துறதுக்கு."

"போட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அன்று அத்தை சாப்பிடாமல் போய்விட்டாள். அப்பாவும் அம்மாவும் இரண்டு நாள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் போனால் பேச்சு நிற்கும். எனக்கு எல்லார் மேலும் எரிச்சலாக வந்தது. பெரிதாக வாங்கியவரும் அவர்தான், சரியாக வாங்கியதைக் குற்றம் சொல்வதும் அவர்தான். மூன்றாம் நாள் அப்பா உடையை என் பள்ளிப் பையின் மேல் வைத்திருந்தார். அதை மடித்திருந்த விதத்திலிருந்தே அவர்தான் மடித்தது என்று தெரிந்தது.

போட்டி நாளன்று அத்தையோடு அப்பாவும் லீவு போட்டுவிட்டு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வீட்டிலேயே பெரிய துண்டு. உடை மாற்றும் அறைக்கு வெளியே காத்திருந்து, நான் வந்ததும் தோளிலிருந்து பாதம்வரை அந்தத் துண்டால் சுற்றிவிட்டார். மற்றப் பெண்கள் கையை வீசிக்கொண்டு நடந்துபோக, நான் மட்டும் பொட்டலம் போல அவர் பக்கத்தில் நடந்தேன். அவமானமாக இருந்தது. மேடைப்படியில் கால் வைத்தபோதுதான் துண்டை எடுத்தார்.

குளத்தின் ஒரு பக்கம் சாலை. கம்பி வேலிக்கு அப்பால் ஐந்தாறு ஆண்கள் சைக்கிளில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். தொப்பி காதை மூடியிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. நான் குனிந்து மேடை நுனியைப் பிடித்தேன்.

அன்றைக்கு முதல்முறையாகத் தண்ணீர் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. அதை வேறு எப்படிச் சொல்வதென்று இன்றும் தெரியவில்லை. கை வீசிய இடத்துக்கெல்லாம் உடம்பு வந்தது. சுவரைத் தொட்டு நிமிர்ந்தபோது அத்தை ஓரமாக ஓடிவந்து மூன்று விரலைக் காட்டிக் குதித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது! நான் அப்பாவைத் தேடினேன். நான் விட்டு வந்த இடத்தில் அவர் இல்லை. அத்தை கையில்தான் துண்டு இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வாசல் பக்கமிருந்து வேகமாக வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"நீங்க பாக்கவே இல்ல" என்றேன்.

"பாத்தேன் பாப்பா."

"அப்ப எத்தனாவதுன்னு சொல்லுங்க."

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தைதான் சொன்னாள்: "மூணாவதுண்ணே."

"நல்லா நீந்தின" என்றார் என்னிடம். நான் சத்தமாக அழுதேன். ஒரு பெரிய பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட கோபம் எனக்கு.

திரும்பும் ரயிலில் அத்தை தன் பையிலிருந்து ஊசிநூலை எடுத்தாள். அப்பாவின் சட்டைப் பை ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது, மேல் பொத்தான் இரண்டு இல்லை. காலையில் அந்தச் சட்டை முழுசாகத்தான் இருந்தது. அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க, உடம்பில் இருந்தபடியே பையைத் தைத்தாள். அம்பத்தூர் தாண்டியபோது பல்லால் நூலைக் கடித்தாள். அண்ணனூரில் அப்பா எனக்குக் கடலை வாங்கித் தந்தார். நான் வாங்கிக்கொண்டு, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டேன்.

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. லீவு போட்டு அவ்வளவு தூரம் வந்தும், என் அரை நிமிஷப் பந்தயத்தைப் பார்க்க அவருக்குப் பொறுமையில்லை என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். நான் தண்ணீரிலிருந்து ஏறி வந்தபோது கம்பி வேலிக்கு அப்பால் ஒருவர்கூட இல்லை, ஒரு சைக்கிள் மட்டும் கீழே சாய்ந்து கிடந்தது. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.