எஸ்தரக்கா மேல் எனக்கு ஒரு குறை

எஸ்தரக்கா போய்விட்டார் என்ற செய்தி எங்கள் வாசகர் வட்டத்தின் வாட்ஸப் குழுவில்தான் வந்தது. நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் வருவதில் பாதி பொய், மீதி காலை வணக்கம். செய்தி விழுந்த கையோடு கும்பிடும் படங்களாக வந்து குவிந்தன. ஒருவராவது "யார் சொன்னது?" என்று கேட்கவில்லை. அக்கா இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். அதனால் அவர் எண்ணுக்கே போன் போட்டேன். மகன் டேவிட் எடுத்தான். "சரோ ஆன்ட்டி" என்றான். அதற்கு மேல் அழுகைதான் கேட்டது.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய குணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் மைசூரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாத்திரையை முழுங்கிவிட்டேன் என்று சொல்லும் நோயாளியை அவர் நம்பியதே கிடையாது. "நாக்கைத் தூக்கு" என்பார். தூக்கினால், முக்கால்வாசிப் பேருக்கு மாத்திரை அங்கேதான் இருக்குமாம். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. பால்காரர், பழக்கடைக்காரர், போதகர், நான், எல்லாரும் அவர் முன்னால் நாக்கைத் தூக்கியவர்கள்தாம்.

வாசகர் வட்டத்திலும் அதே கதை. ஒரு புத்தகத்தை யாராவது ஆகா ஓகோ என்று புகழ்ந்தால் அக்கா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "சரி, நாக்கைத் தூக்கு. கடைசில என்ன ஆச்சு?" என்பார். அதோடு பலர் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கூடிக்கொண்டிருந்ததே அந்த வேடிக்கைக்காகத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கன்னடப் புத்தகத்தைக் கொண்டுவந்தவன் ரமேஷ். ஹெப்பாளில் கணினி கம்பெனியில் வேலை பார்க்கிறான், கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படிப்பான். எங்கள் வட்டத்தில் பெரியவர்கள் தமிழ் படிப்போம், கன்னடம் பேசுவதோடு சரி. பிள்ளைகள் கன்னடம் படிப்பார்கள், தமிழ் பேசுவதோடு சரி. ரமேஷ் உரக்கப் படித்து இடையிடையே தமிழில் சொன்னான். ஆஸ்பத்திரி வேலையில் கன்னடம் வாசிக்கப் பழகியிருந்த அக்கா அவன் தோளுக்குப் பின்னால் நின்று, அவன் எதையாவது விட்டுவிட்டுப் படிக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதேஸ்வரன் மலைப் பக்கத்துச் சோலிகர் இனத்துப் பெண் ஒருத்தி, மாதேவி என்று பெயர், பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய மாயக்கதை அது. தமிழ்நாட்டில் இவர்களைச் சோளகர் என்பார்கள். கதையில் ஒரு சிறுமியின் அம்மா இறந்துபோகிறாள். அம்மாவின் குரல் மட்டும் மலைத்தேனீக்களிடம் மாட்டிக்கொள்கிறது. அதைக் கேட்டு வாங்கச் சிறுமி காட்டுக்குள் போகிறாள். கிடைத்த குரல் கடைசியில் சொல்வது இவ்வளவுதான்: "அடுப்பை அணைச்சியா?" அந்த இடத்தில் ரமேஷாலேயே படிக்க முடியவில்லை. நானும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்கா அழவில்லை. யார் யார் அழுகிறார்கள் என்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதையில் ஒரு சடங்கு வருகிறது. இறந்தவரின் குடும்பம் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் தேனை நாக்கில் வைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொருவரும் இறந்தவர் மேல் தனக்குள்ள குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். புகழ்ந்து பேசக்கூடாது. குறையைக் கேட்டால்தான் போகிறவர் பாரமில்லாமல் போவாராம். மலைமக்களின் தொன்மையான சடங்கு என்று புத்தகத்தின் பின்னட்டையில் போட்டிருந்தது. எங்கள் ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ரமேஷ் தன் மாமனார் காரியத்திலேயே அதைச் செய்து படம் எடுத்துப் போட்டான். "ஆதி ஞானம்" என்று கீழே எழுதினான். பார்த்தவர்களெல்லாம் எங்கள் வீட்டிலும் செய்யப் போகிறோம் என்றார்கள், யாரும் சாவதற்கு முன்னாலேயே.

"எனக்கு இது சரியாப் படல சரோ" என்றார் அக்கா. "சாவு வீட்டுல குறை சொன்னா அடிதான் விழும். மலைக்காரங்க எத்தனை பேர் வார்டுக்கு வந்திருக்காங்க. ஒருத்தரும் தேன் கேக்கலயே. நட, போய்ப் பாத்துட்டு வரலாம்."

எனக்கு அவர் மேலேயே ஒரு சந்தேகம். செத்துப்போன தன் கணவரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய குறை ஏதோ அவரிடமே இருக்கிறது, அதனால்தான் அந்தச் சடங்கு அவரை இப்படிக் குடைகிறது என்று நினைத்தேன். கொள்ளேகாலில் பஸ் மாறும்போது கேட்டும்விட்டேன். "உன் நாக்கை நீ முதல்ல தூக்கு" என்றார். நான் அடுத்த பஸ்ஸைத் தேடப் போனேன்.

மலையில் விபூதிப் பொட்டலத்துக்கும் சாமி படத்துக்கும் நடுவில் அந்தப் புத்தகத்தை அடுக்கி வைத்திருந்த கடைக்காரர்தான் மாதேவிக்கு ஆள் அனுப்பினார். சின்னப் பெண். கீழே ஒரு பள்ளியில் டீச்சர். வந்ததும் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சடங்கு பாக்க வந்தீங்களா? போன வாரமும் ஒரு வேன் வந்துச்சுங்க" என்றாள்.

"இல்ல. நீ எழுதினது பொய்யான்னு பாக்க வந்தேன்" என்றார் அக்கா.

எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது. மாதேவி சிரித்துவிட்டாள். அக்கா வார்டு சிஸ்டராக இருந்தவர் என்று நான் சொல்லிவைத்தேன். பிறகு டீக்கடை பெஞ்சில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, குரலை இறக்கி, எல்லைப் பக்கத்துக் கொங்குத் தமிழில் பேசினாள்.

"பொய்தானுங்க சிஸ்டரம்மா. எங்க ஜனத்துல சாவுக்குச் செய்யறது வேறைங்க. அதை எழுத வேண்டாம்னு பெரியவங்க சொல்லிப்போட்டாங்க. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. ஆனாக் கதையில அந்தப் புள்ளைக்கு அம்மா செத்துப்போச்சு, என்னமோ ஒண்ணு செய்யோணுமில்லீங்களா? நானா ஒண்ணைக் கட்டுனேன்."

"குறை சொல்றது எதுக்கு?"

"எங்கம்மா செத்தப்ப ஊரே நல்லவ நல்லவன்னு அழுதுச்சு. எனக்குக் கோவமா வந்துச்சுங்க. மேலுக்கு முடியலைன்னு எங்கம்மா ஒரு வார்த்தை சொல்லலை. கடைசி வரைக்கும் ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லைன்னே சொல்லுச்சு. நானும் நம்பிப்போட்டேன். அந்தக் கோவத்தை நான் எங்க போய்ச் சொல்றதுங்க?"

பின்னட்டை வாசகத்தை எழுதியது அவள் இல்லையாம். அச்சானதும்தான் பார்த்தாளாம். இப்போது இல்லை என்று சொன்னால் வாசகர்கள் பொய்க்காரி என்பார்கள். சொல்லாவிட்டால் நம் பெயரை எதற்கு விற்றாய் என்று அவள் ஜனமே கேட்கும். இரண்டு பக்கமும் பேர் போகும் என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். வாய் பொய் சொன்னாலும் கை சொல்லாது என்பது அக்காவின் கணக்கு; அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில், "உண்மையைத்தான் சொல்றா" என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். "அம்மா நல்லவன்னு தன் வாயால ஒரு தரம்கூடச் சொல்லல பாத்தியா? பொய் சொல்றவ அதுலதான் ஆரம்பிப்பா. நீ வாயைத் திறக்காதே. சொல்ல வேண்டியவ அவ. அவளே சொல்லட்டும்."

வாயை மூடிக்கொண்டிருப்பது லேசாக இல்லை. ரமேஷ் விடவில்லை. ஒரு பஸ் பிடித்து வட்டம் முழுவதும் மலைக்குப் போய், சடங்கை நேரில் பார்த்துவிட்டு வருவது என்று கிளம்பினான். வேண்டாம் என்று மாதேவி போனில் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை, கூச்சப்படுகிறாள் என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எழுந்து நின்றார்.

"சும்னே சத்தம் போடாதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சாவுச் சடங்கு பாக்கணும்னா ஒருத்தர் சாகணுமே, அது யாரு? அவங்க வீட்டுலயா, உங்க வீட்டுலயா? பேரைச் சொல்லுங்க, பஸ்ஸுக்கு நானே சொல்றேன்."

யாரும் பேர் சொல்லவில்லை. பயணம் நின்றது. அன்று வீட்டுக்கு நடக்கும்போது அக்கா வழியில் நின்று ஒரு வீட்டு வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டார். முகம் வேர்த்திருந்தது. என்ன அக்கா என்றேன். "ஒண்ணுமில்ல சரோ. நேத்து அவரேகாள் கொஞ்சம் ஜாஸ்தி, வாயு" என்றார். அவரைக்கொட்டை எனக்கும் ஆகாது. ஓமத்தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த வாட்ஸப் செய்தி. அவர் வீட்டு நினைவு ஜெபத்துக்கு எல்லாரும் வந்தார்கள். போதகர் ஜெபம் முடித்துக் கிளம்பியதும் ரமேஷ் பையிலிருந்து தேன் பாட்டிலை எடுத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது எதுக்குடா?"

"அக்காவுக்குத்தான் ஆன்ட்டி. அவங்களே மலைக்குப் போய் விசாரிச்சுட்டு வந்தாங்கல்ல. பொய்யா இருந்தா விட்டிருப்பாங்களா?"

அக்கா வாயை மூடிக்கொண்டிருந்ததையே இவர்கள் அத்தாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சொன்னால் அந்தப் பெண்ணின் பேர் போகும். சொல்லாவிட்டால், உலகத்திலேயே எதையும் நம்பாத ஒருத்திக்குப் பொய்ச் சடங்கு நடக்கும், அதை இவன் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுவான். நான் பாட்டிலை அவனிடமிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது வாசலில் மாதேவி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். டேவிட் அம்மாவின் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறான். அவள் விடியற்காலை பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

அவள் பாட்டிலைப் பார்த்தாள், ரமேஷின் கையில் தயாராக இருந்த போனைப் பார்த்தாள். நான் தலையை அசைத்து வேண்டாம் என்றேன். அவள் நடுவீட்டில் வந்து நின்றாள்.

"புத்தகம் எழுதுனது நானுங்க. இந்தச் சடங்கு எங்க ஜனத்தோடது இல்லை. நானாக் கட்டுனது. சிஸ்டரம்மாவுக்குத் தெரியும். நான் சொல்லட்டும்னு காத்துட்டிருந்தாங்க. இங்க நின்னு இதைச் சொல்லாமப் போனா எனக்குச் சோறு எறங்காதுங்க."

ரமேஷின் முகம் செத்துப்போயிற்று. "அப்ப நாங்க அழுததெல்லாம்?" என்றான்.

"அழுதது நீங்கதானுங்களே. அதுல நான் எதையும் கலக்கலை."

ரமேஷ் போனைப் பைக்குள் வைத்தான். இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஏமாற்றிவிட்டாள் என்று வாசலில் அவர்கள் சொன்னது உள்ளே கேட்டது. மாதேவிக்கும் கேட்டது, ஆனால் அவள் நகரவில்லை. புத்தகத்தைப் படித்தே இராத டேவிட்தான் என் கையிலிருந்து பாட்டிலை வாங்கினான். உள்ளே போய் ஒரு ஸ்பூன் எடுத்து வந்தான்.

"யார் சடங்கோ இருக்கட்டும். எனக்கு ஒரு குறை இருக்கு" என்றான். தேனை நாக்கில் வைத்துக்கொண்டான். "அம்மா என்னை ஒரு நாளும் நம்பல. சாப்பிட்டேன்னு சொன்னா தட்டைப் பாப்பாங்க. படிச்சேன்னு சொன்னா விளக்கு சூடா இருக்கான்னு தொட்டுப் பாப்பாங்க. நான் பொய்யே சொன்னதில்ல. ஒரு தரம் நம்பியிருக்கலாம்."

அதற்குப் பிறகுதான் அவன் எங்களை அடுக்களைக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். அரிசி டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை அட்டைகள். இதயத்துக்கானவை. டாக்டர் எழுதிக்கொடுத்து வெகுநாளாகியிருக்கிறது. முக்கால்வாசி அட்டை பிரிக்கப்படவே இல்லை.

மாதேவி ஸ்பூனை என்னிடம் நீட்டினாள். அவள் பேசியபோது டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் அக்கா. ஒண்ணுமில்லை என்று சொல்லியே செத்துப்போன ஒரு தாயின் கதையை முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, அதையே என்னிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தேனின் ருசியே தெரியவில்லை.

மாதேவியின் பேர் என்னாகும் என்று எனக்குத் தெரியாது. குழுவில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. ரமேஷ் மட்டும் அந்தப் படத்துக்குக் கீழே இருந்த "ஆதி ஞானம்" என்பதை அழித்துவிட்டு அவள் பெயரை எழுதியிருக்கிறான். அவளே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டதால்தான் நானும் இதை எழுதுகிறேன். எஸ்தரக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய சந்தேகம்தான். இப்போதெல்லாம் யாராவது ஒன்றுமில்லை என்று சொன்னால் நான் ஓமத்தண்ணீர் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் கையைப் பார்க்கிறேன்.

அன்று அந்த வீட்டில் தேனை நாக்கில் வைத்துக்கொண்டு சொன்னதையே இங்கேயும் சொல்லி முடிக்கிறேன். அக்கா, என் குறை இதுதான். ஊரில் ஒருத்தர் விடாமல் நாக்கைத் தூக்கச் சொன்னீர்கள். உங்களைத் தூக்கச் சொல்ல வேண்டியவள் நான். எனக்கு அது தோன்றாதபடி, நீங்கள் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று என்னை நம்பவைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.