சுவரோரமா வாங்க

"செருப்பைக் கீழயே விட்டுடுங்க. நாலு பேருக்கு மேல மாடிக்கு வேண்டாம். சுவரோரமா வாங்க. மெதுவா... மெதுவா..." என்று சொல்லிக்கொண்டே அவர் பின்பக்கமாகப் படியேறுவார். முகம் நம் பக்கம் இருக்கும். கை முதுகுக்குப் பின்னால் கைப்பிடியைத் துழாவிக்கொண்டிருக்கும். வீடு பார்க்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டக்கூடாது என்ற பழங்கால மரியாதை போலிருக்கிறது என்று நான் முதலில் நினைத்தேன். மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வந்தவர்கள் எங்கே கால் வைக்கிறார்கள் என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

ஊரிலிருந்து அரைமணி நேரப் பயணத்தில், பெரிய மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கும் நூற்றைம்பது வருடத்து மாளிகை அது. மூன்று வருடமாக விற்பனைக்கு இருக்கிறது. 'வரலாற்றுச் சிறப்புமிக்க இல்லம், பதினான்கு அறைகள், மாடியில் விசாலமான நடனக்கூடம்' என்று விளம்பரம் வரும். விளம்பரத்தில் வராத ஒருவர், இப்படிப் பின்பக்கமாகப் படியேறும் அதன் காவல்காரர். இருபத்திரண்டு வருடமாக அவரும் அவர் மனைவியும் பின்பக்கத்து இரண்டு அறைகளில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் கடல்கடந்து எங்கோ இருக்கிறார், வருடத்துக்கு ஒருமுறை வருவார், மற்றபடி போன்தான். புரோக்கர் இவருக்கு வைத்திருக்கும் பெயர் 'மெதுவா'. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

மெதுவா எதற்குப் பயந்தார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிற்பாடு அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. தெரியாத காலத்தில் நான் அவரைக் கேலி செய்துவிட்டேன். அந்தப் பாவம் உங்களுக்கு வேண்டாம்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், கீழே சாப்பாட்டுக்கூடத்தில் விளக்கு மாற்ற ஏணியில் ஏறியவர், மேலே ஓடும் உத்திரத்தில் கையை ஊன்றியிருக்கிறார். மரம் மாதிரியே இல்லை. தட்டிப் பார்த்தால் காலி டப்பா. பக்கத்து உத்திரமும் அப்படியே. வெளியே பார்க்க முழு மரம், உள்ளே கரையான் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அந்த உத்திரங்கள்தான் மாடி நடனக்கூடத்தின் தரையைத் தாங்குகின்றன. அன்றைக்கே வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"விக்கப்போற வீட்டுக்கு யாராவது வைத்தியம் பாப்பாங்களா?" என்றாராம் வீட்டுக்காரர். "ரெண்டு கை வார்னிஷ் அடிச்சு விடுங்க. வீடு வித்ததும் அந்தப் பின்பக்கத்து ரூம் ரெண்டையும் உங்க பேர்ல எழுதித் தந்துடறேன். வாயைத் திறந்தீங்க, அன்னைக்கே பெட்டியக் கட்டிடுங்க."

வார்னிஷை மெதுவாதான் அடித்தார். தன் கையாலேயே அடித்தார். அதுதான் அவர் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

அதன்பிறகு அவருக்கென்று ஒரு தொழில்முறை உண்டாயிற்று. சுவரை ஒட்டிய இடத்தில் தரை இன்னும் தாங்கும் என்பது அவர் கணக்கு. நடுவில்தான் ஆபத்து. ஆகவே வீடெங்கும் இருந்த பழைய படங்களை எல்லாம் கழற்றிக்கொண்டுவந்து நடனக்கூடத்துச் சுவர்களில் வரிசையாக மாட்டினார். படம் இருந்தால் ஜனங்கள் பார்ப்பார்கள், பார்த்தால் ஓரமாக நடப்பார்கள். நடுவில் நான்கு பிரம்பு நாற்காலிகளை நிறுத்தி, திரைச்சீலைக் கயிற்றை அவற்றில் கட்டி வேலி போட்டார். 'புராதனத் தரை. மிதிக்காதீர்கள்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். வந்தவர்கள் ஆகா என்றார்கள். புரோக்கர் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டார். வீட்டுக்காரர் போனில் பாராட்டினாராம். பாராட்டைக் கேட்டு மெதுவாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

கார் வந்து நின்றால் வாசலில் நின்று ஒவ்வொருவராக இறங்குவதைப் பார்ப்பார். ஆளை எடைபோடுவது என்பார்களே, அதை நிஜமாகவே செய்தவர் இவர் ஒருவர்தான். கனத்த சரீரக்காரர் யாராவது இறங்கினால், "சார், உங்களுக்கு எதுக்கு மாடிப்படி? மூட்டு என்னத்துக்கு ஆகும்? கீழயே உக்காருங்க, டீ போடச் சொல்றேன்" என்று கையைப் பிடித்து உட்காரவைப்பார். காலையில் எழுந்ததும் முதல் வேலை, சாப்பாட்டுக்கூடத்துத் தரையைப் பார்ப்பது. உத்திரத்துக்கு நேர்கீழே மஞ்சளாகக் கொஞ்சம் பொடி விழுந்திருக்கும். அதைக் கையால் கூட்டிக் காகிதத்தில் எடுத்து, நேற்றைவிட அதிகமா என்று உற்றுப் பார்ப்பார். நேற்றைவிட அதிகமாகத்தான் இருக்கும். மடித்துக்கொண்டுபோய் மரத்தடியில் கொட்டிவிட்டு வந்து டீ குடிப்பார்.

பிறவிப் பயந்தாங்கொள்ளி என்று நினைக்கவேண்டாம். மழையில் கூரைமேல் ஏறி ஓடு மாற்றிய மனிதர் அவர். "அப்பல்லாம் நான் கீழ நின்னு கத்துவேன், இறங்குங்க இறங்குங்கன்னு. இப்ப நாற்காலி நகர்ற சத்தம் கேட்டாலே இவரு எந்திரிச்சு நின்னுடறாரு" என்றார் மனைவி. அந்த அம்மாளுக்கும் பயம் உண்டு, ஆனால் அது வேறு பயம். ஐம்பத்தைந்து வயதுக்குமேல் பாயும் பெட்டியுமாகத் தெருவில் நிற்க அவரால் முடியாது. புருஷன் வாயைத் திறக்கப் பார்க்கும்போதெல்லாம் பின்கட்டிலிருந்து ஒரு இருமல் வரும். மெதுவா வாயை மூடிக்கொள்வார்.

இந்த வீட்டை வாங்கியே தீருவது என்று கிளம்பியவள் என் அக்கா. நடனப் பள்ளி நடத்துகிறாள். வாடகை இடத்தில், கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையில் இடிக்க இடிக்க, பதினாறு வருடம் பிள்ளைகளை ஆடவைத்தவள். நடனக்கூடம் என்ற ஒரு சொல்லைப் படித்துவிட்டு, மற்றப் பதிமூன்று அறைகளைப்பற்றிக் கேட்கக்கூட இல்லை. துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். மெதுவாவின் திருதிரு விழிப்பையும் கயிற்று வேலியையும் பார்த்து நான் சிரித்தது அன்றுதான்.

"ஏங்க, இவ்வளவு பயந்து பயந்து காட்டுறீங்களே, வீட்டுல பேய் ஏதும் இருக்கா?" என்று கேட்டேன்.

"பேய் இருந்தா தேவலையே தம்பி," என்றார். "அதுக்குத்தான் எடையே கிடையாதே."

நல்ல வேடிக்கை மனிதர் என்று குறித்துக்கொண்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அக்காவிடம் காரில் சொல்லிச் சிரித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

இரண்டாம் தடவை போனபோது அக்கா மாடியில் அளவெடுத்துக்கொண்டிருந்தாள். மெதுவா என்னைப் படிக்கட்டுக்குக் கீழே ஓரமாக அழைத்துப்போனார்.

"தம்பி, உங்க அக்காவுக்கு வீடு ரொம்பப் பிடிச்சிருக்கோ?"

"ரொம்ப. ஏற்கெனவே திரைக்கு நிறம் பார்த்துட்டா."

"பிள்ளைங்க எத்தனை பேரு?"

"நாற்பது இருக்கும்."

"எல்லாம் குதிக்குமா?"

"நடனம்னா குதிக்காம, உக்காந்துக்கிட்டா ஆடுவாங்க?"

அவர் மெல்லப் படியில் உட்கார்ந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். "கீழ சாப்பாட்டுக்கூடம் பெருசுதானே. அங்க ஆடக்கூடாதா?"

"அங்க பெஞ்சு போட்டுப் பிள்ளைங்க சாப்பிடணும்ல?"

"அப்ப மேலயும் பிள்ளைங்க, கீழயும் பிள்ளைங்க," என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. பிறகு நிமிர்ந்து பார்த்து, "வர்றவங்களுக்கு வீடு பிடிக்கணும்னும் வேண்டிக்கறேன் தம்பி, பிடிக்கக்கூடாதுன்னும் வேண்டிக்கறேன். சாமிக்கே என்மேல சலிப்பு வந்திருக்கும்" என்றார். பின்கட்டில் இருமல் கேட்டது. எழுந்துபோய்விட்டார்.

மூன்றாம் தடவை அக்கா சொல்லாமல்கொள்ளாமல் ஒரு வேனில் பன்னிரண்டு பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். "பிள்ளைங்களும் இடத்தைப் பாக்கட்டுமே" என்றாள். மெதுவா வாசலுக்கு ஓடிவந்தார். "நாலு நாலு பேரா போங்கம்மா, நாலு நாலு பேரா" என்று இரண்டு கைகளையும் விரித்துப் படிக்கட்டை மறித்தார். பத்து வயதுப் பிள்ளைகளை யார் மறிக்க முடியும்? அவர் அக்குளுக்குக் கீழே புகுந்து ஓடினார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே பின்னால் ஏறினாள்.

அவர் ஏறவில்லை. ஏறினால் அவருடைய எடையும் சேரும் என்று நினைத்திருப்பார். நேராகச் சாப்பாட்டுக்கூடத்துக்குள் போய் அண்ணாந்து நின்றார். என்னவோ ஏதோ என்று நானும் போனேன். மேலே நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். "டீச்சர், தரை என்னமா சத்தம் கொடுக்குது!" என்று ஒரு குரல். அப்புறம் அக்காவின் குரல்: "எங்க, எல்லாரும் வரிசையா நில்லுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு!"

பன்னிரண்டு ஜோடிக் கால்கள் ஒன்றாக விழுந்தன. எங்கள் தலைக்குமேல் உத்திரம் முனகியது. மஞ்சள் பொடி என் சட்டைக்காலருக்குள் உதிர்ந்தது. என்ன ஆபத்து என்று எனக்கு அப்போதும் தெரியாது. ஆனால் மெதுவாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. மறுபடியும் "ஒண்ணு, ரெண்டு" கேட்டது.

"பாம்பு!" என்று கத்தினார் மெதுவா. "மாடியில பாம்பு! ஐயோ, பாம்பு!"

பாம்பென்றால் படையும் நடுங்கும், பன்னிரண்டு பிள்ளைகள் எம்மாத்திரம். வீடே அலறியது. அவர் படிக்கட்டுக்குப் பாய்ந்து நடுப்படியில் நின்றுகொண்டு, "ஓடாதீங்க, ஓடாதீங்கம்மா, ஒவ்வொருத்தரா, சுவரோரமா, என் கண்ணுங்களா, சுவரோரமா" என்று ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டுக் கீழே அனுப்பினார். பன்னிரண்டாவது தலை இறங்கியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

என் அக்கா பாம்புக்குப் பயப்படும் ஜாதி இல்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடி முழுக்கத் தேடிவிட்டு வந்தாள். பிள்ளைகளை வேனில் உட்காரவைத்துவிட்டு, சாப்பாட்டுக்கூடத்தில் வந்து நின்று அவரைக் கூப்பிட்டாள்.

"பாம்பும் இல்ல, பல்லியும் இல்ல. எதுக்குப் பொய் சொன்னீங்க? பிள்ளைங்க விழுந்து மண்டைய உடைச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும். வேற யாருக்கோ பேசி வெச்சிருக்கீங்க. அதான் வந்த நாள்லருந்து ஏறாதே, மிதிக்காதேன்னு விரட்டுறீங்க. உங்ககிட்ட எனக்கென்ன பேச்சு? இப்பவே புரோக்கரைக் கூப்பிட்டு முடிச்சுடறேன்." கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

மெதுவா வெளியே போனார். திரும்பி வரும்போது தோளில் ஏணி இருந்தது. அதை அக்காவுக்கு முன்னால் விரித்து நிறுத்தினார். பின்கட்டிலிருந்து இருமல் வந்தது. அவர் நிற்கவில்லை. மறுபடி இருமல், இந்தத் தடவை பலமாக. அப்புறம் அந்த அம்மாளே ஈரக்கையோடு கதவருகே வந்து நின்றார்.

"நாம எங்கங்க போவோம்?" என்றார்.

"தெரியலையே," என்றார் மெதுவா.

அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தார். வாசலில் வேனுக்குள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். அப்புறம் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஏணியின் காலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். மெதுவா ஏறினார்.

அக்கா போனைக் காதில் வைத்தபடி அண்ணாந்து பார்த்தாள். பளபளவென்று வார்னிஷ் அடித்த அந்த உத்திரத்தில் மெதுவா ஆள்காட்டிவிரலை வைத்து அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லாமல் விரல் அடிவரைக்கும் உள்ளே போயிற்று. அதை வெளியே எடுக்காமல், பொடி முகத்தில் கொட்டக் கொட்ட, அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.