சுவருக்கு மூட்டிய அடுப்பு

சுவர்ப் பூச்சு உதிர்ந்த அன்று அந்தப் பழைய ஸ்டோருக்குள் இருந்தவர்கள் ஆறு பேர். பயிற்சியை நடத்திய சென்னை மேடம். வேலையைச் சரிபார்க்க மதுரையிலிருந்து வந்த பொறியாளர். பூச்சு வேலையை எடுத்திருந்த சிலமலைக் கொத்தனார். என்னோடு பயிற்சியில் இருந்த இரண்டு பேர்: கட்டடக் கலை படித்த பையன், வரலாறு படித்த தேனிப் பெண். ஆறாவது ஆள் நான். கொத்தனாரின் ஆட்கள் இருவர் வெளியே மணல் சலித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உள்ளே வரவில்லை. இவ்வளவு கணக்காகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுவருக்கு என்ன ஆனது என்பது அந்த ஆறு பேரில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். இது குரங்கணிக்கு மேலே, ஜீப்பு போகும் பாதையை ஒட்டி நிற்கிறது. கருங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஒரு மூலையில் அடுப்பு, அடுப்பிலிருந்து அறை முழுக்க ஓடும் தகரக் குழாய். இடிக்க இருந்ததை ஓர் அறக்கட்டளை எடுத்து, பழைய கட்டடங்களைக் காப்பாற்ற இளையவர்களைப் பழக்கும் ஆறு மாதப் பயிற்சிக்கு அதையே பாடமாக வைத்தது. உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். போடியில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த நான் விண்ணப்பம் போட்டேன். படிப்பு என்ற இடத்தில் ஒன்பதாம் வகுப்பு என்று எழுதி, அடித்து, மறுபடி அதையே எழுதினேன். கிடைக்காது என்றுதான் இருந்தேன். கிடைத்தது. கழுத்தில் ஓர் அட்டை மாட்டிவிட்டார்கள். அதில் என் படம், கீழே 'வளரும் தலைவர்'.

கொத்தனாருக்கு அந்த அட்டையைப் பார்த்தாலே சிரிப்பு.

"தலைவரே, அந்தக் குடத்தக் கொஞ்சம் கொண்டா. வெரசா வா, தலைவருன்னா அன்னநடை நடக்கணுமா?"

"போங்கண்ணே."

"நாளைக்கி கொடி கட்டுன கார்ல போவ. அப்ப இந்த அண்ணனத் தெரியுமா?"

அவருக்கு நாற்பது வயதிருக்கும். சிமெண்டு வேலைதான் அவருடைய தொழில். சுண்ணாம்பு வேலையை மதுரையில் ஒரு கோயில் திருப்பணிக்குக் கூலிக்குப் போனபோது பிடித்துக்கொண்டாராம். மேடத்துக்கு அடுத்து போடியில் ஒரு பழைய மண்டிக் கட்டடம் வருகிறது என்று கேள்விப்பட்டிருந்தார். அதையும் பிடித்துவிட்டால் ஒரு வருடத்துக்குக் கவலையில்லை என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். மகளை நர்சிங் சேர்த்திருந்தார்.

மேற்குச் சுவர் பூசி முடித்த அன்று எங்கள் மூவரையும் நிறுத்திவைத்துச் சொன்னார். "இது சிமிட்டி இல்ல. வெரசா காஞ்சா வெடிச்சுப் போயிரும். பத்து நாளைக்கி ஈரச்சாக்கு எறங்கக் கூடாது, பாத்துக்கங்க." மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுத்து நன்றாகவே புரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவள் என்பதால் சாவி என்னிடம். காலையும் மாலையும் சாக்கின் மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும், அவ்வளவுதான் சோலி. பூசி நான்காவது நாள் அது. மலையில் மூன்று நாளாக வெயிலே இல்லாமல் மஞ்சு இறங்கியே கிடந்தது. கதவைத் திறந்ததும் ஈர வாடை. சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். சுவரின் கீழ்மூலையில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள்.

முந்தின நாள் மேடம் போனில், "திங்கட்கிழமை இன்ஜினியர் வர்றார், சுவர் பார்க்க நல்லா இருக்கணும்" என்று சொல்லியிருந்தார். அதை எல்லாரிடமும்தான் சொல்லியிருப்பார். எனக்கு என்னவோ, ஒன்பதாம் வகுப்பை நம்பிச் சாவி கொடுத்தது சரியா என்று கேட்பதுபோல் இருந்தது.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான்கு பருவம் அப்பாவோடு மேலே ஒரு எஸ்டேட் ஸ்டோரில் இருந்தேன். அப்பா அடுப்புக்காரர். அங்கே ஈரம் என்றால் நஷ்டம். காயில் கொஞ்சம் ஈரம் நின்றாலும் பூசணம் பிடிக்கும், நிறம் போகும், மண்டியில் விலை போகாது. எந்த விறகு எவ்வளவு, குழாயைத் தொட்டால் கை எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தப் பயிற்சியில் மற்ற இருவருக்கும் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். அடுப்பும் அங்கேயே இருந்தது.

கொத்தனாருக்குப் போன் போட்டேன். ஒரு தடவை மணி அடித்ததும் துண்டித்துவிட்டேன். சாக்கு வெயிலுக்குத்தானே, மஞ்சுக்கு எதற்கு என்று நானே சொல்லிக்கொண்டேன். இதைக்கூடக் கேட்டால் தலைவர் என்று இன்னும் நாலு நாள் சிரிப்பார் என்றும் நினைத்தேன்.

சாக்குகளை இறக்கினேன். காப்பிச் செடிகளுக்குப் பின்னால் கிடந்த காய்ந்த விறகைக் கொண்டுவந்து, ஒன்பது மணிக்கு அடுப்பை மூட்டினேன். பெரிய தீ வைக்கவில்லை. காய்க்கு வைப்பதுபோல் சின்னத் தீ, ஒரே சீராக. மூன்று மணிக்குள் சுவர் வெளுத்துவிட்டது. கறுப்புப் புள்ளிகளைக் காணோம். அவ்வளவு அழகாக இருந்தது. போனில் படம் எடுத்து எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். மேடம் கட்டைவிரல் போட்டார். சாம்பலை அள்ளிக் காப்பிச் செடிக்குப் போட்டேன். அப்போது மறைக்கும் எண்ணமெல்லாம் இல்லை, அப்பா அப்படித்தான் செய்வார். அடுப்பு ஆறியதும் சாக்குகளை மறுபடி தொங்கவிட்டு, தண்ணீர் தெளித்தேன். அந்தத் தண்ணீரை ஏன் தெளித்தேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். அதற்கு மட்டும் நல்ல காரணம் எதுவும் வரவில்லை.

திங்கட்கிழமை பொறியாளர் சாக்கை விலக்கிவிட்டு, சாவியால் சுவரைத் தட்டினார். காலி டப்பாவைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். இன்னோர் இடத்தில் தட்டினார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து அவர் காலடியில் விழுந்து மாவானது. மேலே முழுக்க மயிர் இழை மாதிரி வெடிப்பு.

"கலவை சரியில்ல. சுண்ணாம்ப ஊறவே விடல நீங்க."

"இருபது நாளு ஊறுச்சு சார். மேடத்துக்கிட்டக் கேளுங்க."

"அப்புறம் ஏன் உதிருது?"

கொத்தனார் உள்ளங்கையைச் சுவரில் வைத்து வைத்து நகர்த்திக்கொண்டே போனார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நேத்து தண்ணி தெளிச்சியா ஆத்தா?"

தலைவரே என்று அவர் கூப்பிடவில்லை. நான் சொன்னேன்:

"தெளிச்சேண்ணே."

அது பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது.

"புள்ள தெளிச்சுருக்கு சார்" என்று அவர் பொறியாளரிடம் சொன்னார். "மணல்லதான் எங்கயோ கோளாறு. என் தப்புதான். நாம் பாத்துத் தர்றேன்."

அந்தச் சுவரை உரித்து மறுபடி பூச ஆகும் பதினெட்டாயிரம் ரூபாயை அவர் கணக்கில் கழிப்பது என்று அங்கேயே முடிவானது. மேடம் குறித்துக்கொண்டார். எனக்கு இரண்டு அடி தூரத்தில் அடுப்பு. அதன் வாயில் கொஞ்சம் கரி ஒட்டியிருந்தது. யாராவது பார்த்துவிட்டால் போதும் என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் நகர்ந்து போய் அதை மறைத்தாற்போல் நின்றேன்.

மறுபூச்சு மூன்று வாரம் ஓடியது. அவர் ஆட்களுக்குக் கூலியைத் தன் பையிலிருந்து கொடுத்தார். நான் கேட்காமலே மணல் சுமந்தேன், சாக்கு நனைத்தேன். மத்தியானம் என் தூக்குச்சட்டியிலிருந்து பாதியை அவருக்கு வைத்தேன். "என்ன தலைவரே, திடீர்னு பாசம்?" என்பார். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடுவது என்று போவேன். ஒவ்வொரு நாளும் சான்றிதழுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டு திரும்புவேன். கடைசி நாள் மேடம் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, பொறுப்பு என்றால் இந்தப் பெண்தான் என்று என்னைக் காட்டிப் பேசினார். கொத்தனார் பின்னால் நின்று கை தட்டினார்.

போடி மண்டிக் கட்டடத்து வேலை வேறொருவருக்குப் போனதைத் தேனிப் பெண் போனில் சொன்னாள். மறுநாளே பஸ்சு ஏறிச் சிலமலைக்குப் போனேன். கடைசித் தவணை ஊக்கத்தொகை ஐயாயிரம் ரூபாயை மடித்துக் கையில் வைத்திருந்தேன். அவர் வீட்டு வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தழையைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அடுப்பு மூட்டுனியா."

"ஆமாண்ணே."

"செவுத்துக்கு."

"ஆமாண்ணே."

"அது என்ன ஏலக்காயா?" என்றார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நாலு நாளு தூங்கல நானு. மணலு எடுத்த ஓடைக்கே திரும்பப் போயி அள்ளிப் பாத்தேன். எனக்குக் கையி கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன்."

பணத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"மேடத்துக்கிட்டச் சொன்னியா?"

"இன்னும் இல்லண்ணே."

"அப்ப எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்ற? காசா கேட்டேன்? எம் பேருல்ல போச்சு."

அங்கேயே, அவர் வாசலிலேயே நின்று மேடத்துக்குப் போன் போட்டேன். இந்த முறை துண்டிக்கவில்லை. கேட்டுவிட்டு மேடம் எழுதி அனுப்பு என்றார். இரண்டு பக்கம் கையால் எழுதி, கூடவே சான்றிதழையும் வைத்து அனுப்பினேன். சான்றிதழ் திரும்பி வரவில்லை. கொத்தனாரை அவர் கூப்பிட்டுப் பேசினாராம். மண்டி வேலையை வேறொருவருக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், அடுத்த கட்டடம் வந்தால் அவருக்கே என்றாராம். கழித்த பணத்தைத் திருப்பித் தர வழியில்லை, அந்தக் கணக்கை முடித்தாயிற்று என்றும் சொன்னாராம்.

அதன் பிறகுதான் அவர் ஐயாயிரத்தை வாங்கினார். இப்போது நான் பழையபடி போடியில் காய் பொறுக்குகிறேன். மாதம் ஐந்நூறு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வாங்கி, எண்ணாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். தலைவரே என்று கூப்பிடுவதில்லை. உட்கார் என்றும் சொல்வதில்லை. போன மாதம் மட்டும், "மழ வரும்போல இருக்கு, பஸ்சுக்கு வெரசாப் போ" என்றார். மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்னும் பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.