சாராயம் காய்ச்சும் வீட்டுக்கு ஒரு பயணம்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மில்பிடாஸிலிருந்து கிளம்பினோம். காரை ஓட்டியவள் அங்கே குடியிருக்கும் எங்கள் மகள் ஷீபா. அவள் பக்கத்தில் என் கணவர், ஞாயிறு ஆராதனைக்குப் போடும் சாம்பல் நிறக் கோட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பின் இருக்கையில் நானும், என் மடியில் ஒரு பெரிய டப்பா புளியோதரையும். 1999 அக்டோபர்; கலிபோர்னியாவில் வெயிலும் குளிரும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருக்கும் மாதம்.

நாங்கள் இருப்பது டெக்ஸாஸில், சுகர் லேண்டில். பாளையங்கோட்டையிலிருந்து வந்து பதினைந்து வருடமாகிறது. ஹூஸ்டனிலிருந்து விமானம் பிடித்து முந்தின நாள்தான் சான் ஹோஸேயில் இறங்கினோம். எதற்கு என்று கேட்டால், என் கணவர் ஜெபராஜ் சொல்லும் பதில், "ஒரு ஃபேக்டரி டூர்." நான் சொல்லும் பதில் வேறு. ஷீபாவோடு வேலை பார்க்கும் நிக் என்ற கிரேக்கப் பையனை அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். அவனுடைய அப்பா அம்மா ஹீல்ட்ஸ்பர்க் என்ற ஊருக்கு வெளியே, தங்கள் நாட்டு முறையில் மது வடிக்கிறார்கள். வந்து ஆலையைச் சுற்றிப் பாருங்கள், ருசி பாருங்கள் என்று எங்களை அழைத்திருந்தார்கள்.

வாழ்க்கை எப்படியெல்லாம் கேலி செய்கிறது பாருங்கள். என் கணவர் பதினெட்டு வயதில் சர்ச் வாலிபர் சங்கத்தில் கையைத் தூக்கி, மதுவைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போனபோது, "நீங்க வர்ற வரைக்கும் புல்லை நான் வெட்டுதேன்" என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷன் திரும்பி வர இரண்டு கோடை ஆயிற்று. இரண்டு கோடையும் வெட்டினார்.

"டாடி, அங்க லஞ்சுக்கு அரேஞ்ச் பண்ணியிருக்காங்க," என்றாள் ஷீபா, ஓக்லண்ட் தாண்டும்போது.

"லஞ்ச் எல்லாம் வேண்டாம். அம்மா சோறு கட்டியிருக்கா."

"ஏன் டாடி?"

"முடிவு சொல்லாத வீட்டுல கை நனைக்கக் கூடாது. நனைச்சா சம்மதம்னு ஆயிரும். பொண்ணு பாக்கப் போனாலும் சரி, மாப்பிள்ளை வீடு பாக்கப் போனாலும் சரி, நம்ம பக்கத்துல அதான் முறை."

ஷீபா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். ஆறு வயதில் அமெரிக்கா வந்த பெண். அவளுக்கு இது புதுச் சட்டம். நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பையனைப் பிடித்திருந்தது. போனில் பேசும்போதெல்லாம் "ஆன்ட்டி, சாப்பிட்டீங்களா?" என்று தமிழில் கேட்பான். அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியம் அது. அதற்குமேல் மருமகனுக்கு என்ன தெரிய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ரிச்மண்ட் பாலத்தில் இரண்டு டாலர் சுங்கம். பாலத்துக்குக் கீழே விரிகுடா, பனிமூட்டம் பாதி விலகிய நிலையில். அதற்குப் பிறகு 101ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே ஒரே ஓட்டம். பெட்டாலுமாவில் மாடுகள் மேயும் காய்ந்த குன்றுகள், சான்டா ரோஸா தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டங்கள். அறுவடை முடிந்து இலைகள் சிவந்திருந்தன. மில்பிடாஸிலிருந்து நூறு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. பத்து மணிக்கு முன்பே ஹீல்ட்ஸ்பர்க் போய், ஒரு மண்பாதையில் திரும்பி, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையின் முன் நின்றோம். ஆலை என்றதும் நான் புகைபோக்கியெல்லாம் கற்பனை செய்திருந்தேன். ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் இதைவிடப் பெரிதாக இருக்கும்.

நிக்கின் அப்பா கோஸ்டாஸ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார். கட்டை குட்டையான மனிதர், மீசை மட்டும் தாராளம். "எலா! எலா!" என்று கத்தினார்.

என் கணவர் திடுக்கிட்டு என் காதில், "என்ன, முதத் தடவை பாக்கும்போதே ஏலேங்கான்?" என்றார்.

அவர்கள் மொழியில் அதற்கு 'வா' என்று அர்த்தமாம். ஷீபா சொன்னதும் இவர் முகம் கொஞ்சம் இளகியது. கோஸ்டாஸின் மனைவி எலேனி என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அவள் கையில் மாவு ஒட்டியிருந்தது. என் பட்டுச் சேலையில் ஐந்து விரலும் பதிந்தன. எங்கள் வீட்டிலும் விருந்தாளி வரும் நேரத்தில் என் கை அப்படித்தான் இருக்கும் என்பதால் எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது.

உள்ளே போனதும் மணம் ஆளைத் தூக்கியது. சோம்பு மணம், அதற்கடியில் புளித்த திராட்சை மணம். நடுவில் ஒரு செப்புக் கொப்பரை, நம் கல்யாண வீட்டு அண்டா அளவு. அதன் தலையிலிருந்து ஒரு செப்புக் குழாய் வளைந்து போய், குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் சுருள் சுருளாக இறங்கியது. திராட்சை பிழிந்த சக்கையை முதலில் காய்ச்சி எடுத்து, பிறகு சோம்பு போட்டு இன்னொரு முறை காய்ச்சுவார்களாம். முதலில் சொட்டுவதைக் கொட்டிவிட வேண்டும், கடைசியில் வருவதையும் சேர்க்கக் கூடாது, நடுவில் வருவதுதான் மனிதர்களுக்கு என்று கோஸ்டாஸ் விளக்கினார்.

இங்கேதான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. என் கணவர் கோட்டைக் கழற்றினார். அவர் கெமிக்கல் இன்ஜினியர். எண்ணெய் கம்பெனிகளுக்கு வடிகலம் வடிவமைப்பதுதான் இத்தனை வருடமாக அவர் சோறு. ஆனால் வாழ்நாளெல்லாம் அவர் பார்த்தது காகிதத்திலும், நூறடி உயர இரும்பிலும்தான். இப்படிக் கையால் தொட்டுப் பார்க்கிற வடிகலத்தை அவர் பார்த்ததே இல்லை. குனிந்தார், தட்டினார், கேள்வி மேல் கேள்வி கேட்டார். கோஸ்டாஸுக்கும் சந்தோஷம் தாளவில்லை. இருவரும் ஒரு குழாயின் வளைவைப் பற்றி, பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெயர் வைப்பதுபோல் விவாதித்தார்கள். ஷீபாவும் நிக்கும் கதவோரம் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

பிறகு ருசி பார்க்கும் மேசைக்கு வந்தோம். முதலில் எலேனி கண்ணீர்த்துளி போன்ற சின்னப் பிசின் கட்டிகளை என் உள்ளங்கையில் வைத்தாள். கோஸ்டாஸ் பிறந்த கியோஸ் தீவில் மரத்தைக் கீறி எடுப்பதாம். மோந்து பார்த்தேன். அட, நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ரூமி மஸ்தகி! அதைப் போட்டு ஒரு இனிப்பு மது செய்கிறார்கள். நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன். சர்ச்சில் கொடுக்கும் ராப்போஜனத் திராட்சரசம் தவிர வேறொன்றும் அறியாத நாக்கு. குளிர்ந்த பைன் மரக் காட்டில் யாரோ பாகு காய்ச்சியது போலிருந்தது. என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

அடுத்தது சோம்பு மது. பளிங்கு போலிருந்ததில் கோஸ்டாஸ் தண்ணீர் விட்டார். உடனே பால் போல் வெளுத்தது. சோம்பு எண்ணெய் தண்ணீரில் கரையாமல் பிரிவதால் அப்படியாம்.

"டெட்டால்," என்றார் என் கணவர், மெதுவாகத் தமிழில். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கோஸ்டாஸ் எல்லாருக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினார். "பிள்ளைகளுக்காக," என்று ஆங்கிலத்தில் சொல்லி, தன் கிளாஸை உயர்த்தி, "யாமாஸ்!" என்றார்.

என் கணவர் தன் கிளாஸின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். பந்தியில் போதும் என்றால் இலையின்மேல் கையை நீட்டுவோமே, அப்படி. "சாரி. ஐ டோன்ட் டிரிங்க்."

"பிள்ளைகளுக்காக ஒரு வாய் மட்டும். என் வீட்டில் இந்த முதல் கிளாஸை யாரும் மறுத்ததில்லை."

"ஐ கேவ் மை வேர்ட்."

கோஸ்டாஸ் கிளாஸைக் கீழே வைத்தார். அவர் குடிக்கவில்லை, அதனால் வேறு யாரும் குடிக்கவில்லை. ஐந்தாறு வெள்ளைக் கிளாஸ்கள் அப்படியே மேசையில் நின்றன. எலேனி சமாளிக்கப் பார்த்து, சாப்பாடு ஆகப்போகிறது என்றாள். என் கணவர் கோட்டைப் போட்டுக்கொண்டார். பாதையைப் பார்த்தபடி, "ஓகே. வீ வில் கோ அண்ட் கம்," என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் எலேனியின் கையைப் பிடித்தேன். எனக்கு ஆங்கிலமே வரவில்லை.

காரில் ஷீபா சத்தமில்லாமல் அழுதுகொண்டே ஓட்டினாள். அவள் அழுதால் தாடை மட்டும் ஆடும், குழந்தையிலிருந்தே அப்படித்தான். அவர் மேல் எனக்கு வந்த கோபத்தில் புளியோதரையை எடுக்கக்கூட மனம் வரவில்லை. வாக்கைக் காப்பாற்ற வேண்டியதுதான். அதற்காக மகளின் வாழ்க்கையை அந்த மேசையிலேயே விட்டுவிட்டு வருவதா?

பெட்டாலுமாவில் பெட்ரோல் போட நிறுத்தியபோது ஷீபாவின் செல்போன் அடித்தது. நிக். பக்கத்தில் வந்துவிட்டீர்களா என்று அவன் கேட்டிருக்க வேண்டும். "க்ளோஸ்? க்ளோஸ் டு வாட்?" என்று கேட்டவள், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"டாடி, கிளம்பும்போது என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்? போயிட்டு வாரோம்னேன்."

"அதை இங்கிலீஷ்ல சொல்லியிருக்கீங்க. நீங்க ஊரைச் சுத்திப் பாத்துட்டுத் திரும்பி வருவீங்கன்னு அவங்க வெயிட் பண்றாங்க. யாருமே சாப்பிடலையாம். அங்கிள் கேட்டுப் பக்கத்துல வெளிய சேர் போட்டு உக்காந்திருக்காராம்."

இவர் கோட்டுப் பித்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டார்.

ஷீபா மூக்கை உறிஞ்சினாள். "பரவாயில்ல. அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுன்னு நான் எக்ஸ்ப்ளெய்ன் பண்ணிடறேன்."

"பேச்சுக்கா?" அவர் திரும்பினார். "நான் எப்பட்டீ பேச்சுக்குச் சொல்லியிருக்கேன்?"

அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்தேன். பாளையங்கோட்டையில் ஆயிரம் வீட்டு வாசலில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லியிருப்பார். எந்த வாசலும் அதை நம்பிக் காத்திருந்ததில்லை. முதன்முதலாக ஒரு வீடு காத்திருக்கிறது.

"காரைத் திருப்பு," என்றார்.

"இப்ப போனா சாப்பிடாம வர முடியாது. கை நனைக்கணும்ங்க," என்றேன். தெரியாமல் சொல்கிறாரோ என்று பயம்.

"தெரியும்," என்றார்.

திரும்பிப் போக அரை மணிக்கு மேல் ஆயிற்று. சொன்னபடியே கோஸ்டாஸ் பாதையோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து, காலையில் நடந்ததையே மறந்தவர்போல, "எலா! எலா!" என்றார். என் கணவர் காரிலிருந்து இறங்கி அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "கை கழுவ எங்க போகணும்?"

மேசையில் ஆட்டுக்கறி, திராட்சை இலையில் பொதிந்த சோறு, ரொட்டி. நடுவில் என் புளியோதரையையும் திறந்து வைத்தேன். எல்லார் முன்னாலும் வெள்ளைக் கிளாஸ். இவர் முன்னால் மட்டும் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர், அதற்குள் ஒரு ஸ்பூன் நின்றது. ஸ்பூனில் வெண்ணெய் போல் கெட்டியான வெள்ளைப் பாகு. அந்த ரூமி மஸ்தகியைச் சேர்த்த சர்க்கரைப் பாகுதான், மது ஒரு துளி கிடையாது. ஸ்பூனை நக்கிவிட்டுத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். கிரீஸில் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களாம். தண்ணீருக்குள் முங்கிக் கிடப்பதால் அதற்கு 'நீர்மூழ்கி' என்று பெயர்.

"வாக்குக் கொடுத்தேன் என்று நீங்கள் சொன்னதற்குப் பிறகும் நான் வற்புறுத்தியிருக்கக் கூடாது," என்றார் கோஸ்டாஸ். "வருகிறேன் என்றால் வருகிற ஆள் எனக்குப் போதும்."

என் கணவர் ஸ்பூனைக் கையிலெடுத்து, எல்லாரையும் ஒருமுறை பார்த்து, "யாமாஸ்" என்றார். அது அவர் வாயில் தூத்துக்குடிப் பக்கத்து ஊர்ப் பெயர்போல் ஒலித்தது. பிறகு திராட்சை இலைச் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டார். ஷீபா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். புளியோதரை முதலில் தீர்ந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன், நிக் மூன்று முறை வாங்கினான், மூன்று முறையும் என்னிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். நம் மொழியில் போகிறேன் என்று சொல்ல நமக்கு வாய் வராது. அது அபசகுனம், சாவு வீட்டில் சொல்லாமல் கிளம்புவதற்குப் பக்கத்து வீடு. காரில் ஏறியபின் என் கணவர் கண்ணாடியை இறக்கினார். வேறு வார்த்தை தேடினார், கிடைக்கவில்லை.

"ஓகே. வீ வில் கோ அண்ட் கம்."

கோஸ்டாஸ் மிகுந்த அக்கறையோடு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எத்தனை மணிக்கு?"

நாங்கள் சிரித்தோம். இவர் சிரிக்கவில்லை. கேள்விக்குப் பதில் சொல்வதுதான் முறை என்பதுபோல் ஒரு நிமிடம் யோசித்தார்.

"மே மாசம்," என்றார். "கல்யாணத்துக்கு."