சரயேவோ வழியாக

"அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

மேசையில் நான் விரித்திருந்த பால்கன் வரைபடத்தைப் பார்த்து அம்மா கேட்ட முதற் கேள்வி அதுதான்.

"ஒருத்தரும் இல்லை, அம்மா."

"ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு என்னத்துக்குப் போறாய்? படிச்ச பிள்ளை செய்யிற வேலையோ இது?"

அவரைக் குறை சொல்ல முடியாது. டென்மார்க்கில், நாங்கள் இருக்கும் எஸ்பியர்க்கில் எனக்குத் தெரிந்த எந்தத் தமிழ்க் குடும்பமும் அப்படிப் பயணம் போனதில்லை. எங்களுக்குப் பயணம் என்றால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவது. ஜெர்மனியில் மாமி வீடு, பாரிஸில் சித்தப்பா வீடு, லண்டனில் யாருடையதோ கலியாணம். காரின் பின்னால் யாரோ யாருக்கோ கொடுத்துவிட்ட பார்சல்கள் இருக்கும். போய் இறங்கினால் சோறும் மெத்தையும் தயார். பாரிஸுக்குப் பல முறை போயிருக்கிறேன். சித்தப்பா வீட்டுச் சமையலறையில் எந்தப் போத்தலில் மிளகு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பாரிஸ் தெரியாது.

நான் போட்ட வழி வேறு மாதிரி. ஹம்பர்க், புடாபெஸ்ட், பெல்கிரேட், சோஃபியா, தெசலோனிக்கி வரை ரயில். அங்கிருந்து மலைகளைக் கடந்து கிரேக்கத்தின் மேற்குக் கரைக்குப் பஸ். பிறகு கப்பலில் இத்தாலி. ஒவ்வொரு நாட்டு ரயில் அட்டவணையையும் தனித்தனியாகத் தேடி, இணையத்தில் இல்லாததைத் தொலைபேசியில் கேட்டு, எந்த எல்லையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதுவரை பார்த்து வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பள்ளியை முடித்தபோது கிடைத்த என் வெள்ளைத் தொப்பி வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது; வீட்டுக்கு வருகிற எல்லோரும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். பல்கலைக்கழக ஆய்வேட்டைக் கட்டியதுபோலவே அந்த வழியையும் கட்டினேன். அதில் ஒரு நிறுத்தத்தைக்கூட மாற்ற மாட்டேன் என்றிருந்தேன்.

உண்மையில் இந்தப் பயணம் போன கோடையிலேயே நடந்திருக்க வேண்டும். அந்த மே மாதம் இலங்கையில், ஊரில் யுத்தம் முடிந்தது. பெரியம்மா குடும்பம் முகாமில் உயிரோடு இருக்கிறது என்று தெரியவே வாரக்கணக்கானது. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. நானே வரைபடத்தை மடித்து வைத்துவிட்டேன். பெரியம்மா முகாமிலிருந்து வெளியே வந்து, தொலைபேசியில் தான் வாங்கிய கோழிகளைப் பற்றி அம்மாவோடு மணிக்கணக்கில் கதைக்கத் தொடங்கிய பிறகே திரும்ப விரித்தேன்.

எனக்கு இருபத்து நான்கு வயது, கையில் டேனிஷ் கடவுச்சீட்டு. அம்மா மறித்தாலும் போகலாம். ஆனால் வாசலில் நின்று அம்மா "போட்டு வா" என்று சொல்லாமல் அந்த வீட்டிலிருந்து யாரும் பயணம் புறப்பட்டதில்லை. அந்தச் சொல் இல்லாமல் புறப்பட எனக்கு மனமில்லை.

உதவி செய்வதாக நினைத்து அப்பா தொலைபேசியை எடுத்தார். பாரிஸ், லண்டன், ஒடென்சே என்று எல்லோரிடமும் ஒரே கேள்வி: "பெல்கிரேட்டில எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" அடுத்த வாரம் தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் கடைக்கார அன்ரி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிள்ளை, மாப்பிள்ளை செர்பியாக்காரராமே? பெடியன் என்ன வேலை?"

"ரயில் ஓட்டுறார், அன்ரி," என்றேன். அது ஒடென்சே வரை போய்விட்டது.

அம்மா யாரிடமும் தொலைபேசியில் கேட்கவில்லை. அவர் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். ஓடும் பட்டிக்கு முன்னால் நின்று மீனை முள் நீக்கி வெட்டும் வேலை. பல வருடங்களாக அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் ஒரு பொஸ்னியப் பெண், தன் நாட்டு யுத்தத்தின்போது இங்கு வந்தவர். இருவருக்கும் தெரிந்தது கொஞ்சம் டேனிஷ். அதிலேயே எல்லாம் கதைத்துவிடுவார்கள்.

ஒரு நாள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே அம்மா சொன்னார்: "பொஸ்னியா மனுசியின்ர தங்கச்சி சரயேவோவில இருக்கிறாவாம். நீ அங்க தங்கலாமாம். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"அம்மா, சரயேவோ என்ர வழியில இல்லை."

"அப்ப வழியை மாத்து."

"எவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்டனான் தெரியுமோ?"

"நீ கீறின கோடுதானே. அழிச்சுப்போட்டுக் கீறு."

எனக்குக் கோபம் வந்தது. கடைசியில் இதுவும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிற பயணமாக வேண்டுமா? அம்மாவின் கேள்வியையே திருப்பிக் கேட்டேன்.

"அவ என்ன, எங்கட ஆளோ?"

அம்மா தேநீரை ஊற்றிக்கொண்டு வந்து எனக்கு எதிரே இருந்தார்.

"போன வருசம் மே மாசம், சண்டை முடிஞ்ச கிழமை, வேலைக்குப் போனனான். கத்தி கையில இருக்குது, கை ஓடேல்லை. மீன் வந்து குவியுது. அவ ஒண்டும் கேக்கேல்லை. என்ர மீனையும் தன்ர பக்கம் இழுத்து இழுத்து வெட்டினா. அந்தக் கிழமை முழுக்க." ஒரு வாய் தேநீர் குடித்தார். "எங்கட ஆக்கள் எத்தினை பேர் போன் எடுத்தவை. எல்லாரும் கேள்விதான் கேட்டவை."

அந்தக் கதையை அம்மா அதுவரை எங்களிடம் சொன்னதில்லை. அந்த வாரம் அவர் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார் என்பது மட்டுமே எனக்கு ஞாபகம்.

இரண்டு மாலைகள் உட்கார்ந்து வழியைத் திரும்பக் கீறினேன். புடாபெஸ்டிலிருந்து சரயேவோவுக்குப் பகல் ரயில் ஒன்று இருந்தது. அங்கிருந்து இன்னொரு ரயில் மொஸ்தார் வழியாகக் கடலுக்கு இறங்குகிறது. கரையோரமாக துப்ரோவ்னிக்குக்குப் பஸ். துப்ரோவ்னிக்கிலிருந்து இத்தாலிக்குக் கப்பல். நல்ல வழிதான். ஆனால் பெல்கிரேட் போய்விட்டது, சோஃபியா போய்விட்டது, தெசலோனிக்கியும் போய்விட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

இதற்கிடையில் பார்சல்களும் வந்து சேர்ந்துவிட்டன. பொஸ்னியப் பெண் தங்கைக்குக் கொடுத்துவிட்ட கோப்பியும் கம்பளிக் காலுறைகளும் ஒரு பையில். அம்மா செய்த, கடிக்கக் கடினமான பயற்றம் பணியாரம் ஒரு டின்னில்.

"பல்லுப் போன மனுசியெண்டால் என்ன செய்யிறது?" என்றார் அப்பா.

"உங்களை மாதிரித் தேத்தண்ணியில தோய்ச்சுத் தின்னட்டும்."

நேற்று ரயில் நிலையத்துக்குப் போய்ச் சரயேவோ வரைக்கும் சீட்டு எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தங்கைக்குத் தொலைபேசி எடுத்து, பள்ளியில் படித்த ஜெர்மனில், வருகிற நாளையும் நேரத்தையும் சொன்னேன். அவர் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இறைச்சி சாப்பிடுவேனா? பக்கத்தில் நின்ற அம்மா, நான் மொழிபெயர்க்கும் முன்பே, "ஓம் எண்டு சொல்லு" என்றார்.